கேட்பதற்கு ஆகும் செலவு

ஆனைமலையில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்



எங்கள் அப்பாருவின் சாளை இங்கிருந்து சேத்துமடை போகிற வழியில் இருந்தது. நான் ஐந்தாவது படிக்கும்போது ஒருநாள் பொழுது சாய்ந்தும் செவலைப் பசு கட்டுத்தறிக்கு வரவில்லை. நாங்களும் பண்ணையத்து ஆட்களும் ஆளுக்கொரு பக்கம் கூப்பாடு போட்டுக்கொண்டு ஓடினோம். அப்பாரு வெளியே வந்தார். "ஏண்டா இப்பிடிக் கத்தறீங்க? அல்லாரும் ஒரு நிமிசம் வாயை மூடிட்டு நில்லுங்க" என்றார். நின்றோம். தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. "அந்த மோட்டாரையும் நிறுத்து" என்றார். அது நின்ற பிறகுதான் ஓடைக்கு அந்தப் பக்கம் மணிச் சத்தம் லேசாகக் கேட்டது. தலையை இப்படியும் அப்படியும் ஒருமுறை திருப்பினார். "பாறைக்குழிகிட்ட. ரெண்டு காடு தள்ளி" என்றார். பசு அங்கேதான் நின்றது. கழுத்துக் கயிறு ஒரு வேரில் சிக்கியிருந்தது.

இருபது வருடங்களாக நான் ரேடியோ சிப் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். இன்றைக்கு என்னைப் பேசச் சொன்ன தலைப்பு, குறைந்த மின்சாரத்தில் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்லும் வயர்லெஸ் சிப்புகளும் அவற்றைச் செய்யும் சிறு நிறுவனங்களும். என் தொழிலில் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதில் முக்கால்வாசி அந்த ஒரு நிமிடத்துக்குள் இருந்தது. மணி சத்தம் போடுகிறது. அதற்குப் பேட்டரி கிடையாது, பசுவின் கழுத்தே அதை ஆட்டுகிறது. இரண்டு காதுகள் கேட்கின்றன. ஒரு காதுக்கும் மறு காதுக்கும் சத்தம் வந்து சேரும் நேரத்தில் உள்ள துளி வித்தியாசத்தை வைத்து மூளை திசையைச் சொல்லிவிடுகிறது. மோட்டார் சத்தம் குறுக்கே நின்றதால் அதை நிறுத்த வேண்டியிருந்தது. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், நாங்கள் அத்தனை பேரும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுச் சும்மா நின்றோமே, அது. கேட்பதற்கு ஒரு விலை உண்டு. இந்தச் சிப் தொழிலில் மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது அந்த விலையோடுதான்.

முதலில் தூரத்தை அளப்பது எப்படி என்று பார்த்துவிடுவோம். பிள்ளைகள் ஆழியாறு அணைக்குப் போனால் மலையைப் பார்த்துக் கூவுகிறீர்கள் அல்லவா? எதிரொலி ஒரு விநாடி கழித்து வந்தால் பாறை சுமார் 170 மீட்டர் தள்ளி இருக்கிறது. சத்தம் விநாடிக்கு 340 மீட்டர் போகும், போய்த் திரும்ப வேண்டும், ஆகவே பாதி. இப்போது பாறைக்குப் பதில் உங்கள் தோழன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கூவ வேண்டும், அவன் கேட்டவுடன் மனதுக்குள் சரியாக ஐந்து எண்ணிவிட்டுத் திருப்பிக் கூவ வேண்டும். மொத்த நேரத்தில் அந்த ஐந்தைக் கழித்துப் பாதியாக்கினால் தூரம் கிடைத்துவிடும். ரேடியோ சிப்புகள் செய்வதும் இதுதான். சத்தத்துக்குப் பதில் ரேடியோ அலை. அது ஒளியின் வேகத்தில் போகிறது, விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். அதாவது ஒரு விநாடியை நூறு கோடித் துண்டாக்கி அதில் ஒரு துண்டை எடுத்தால், அந்த நேரத்துக்குள் அலை பள்ளிக்கூட அடிக்கோலின் நீளம் போய்விடும்: 30 சென்டிமீட்டர்.

சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது. தோழன் ஐந்து எண்ணும் வேகமும் உங்கள் வேகமும் ஒன்றாக இருக்காது. சிப்புக்குள் நேரம் காட்டுவது ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம். மலிவான படிகம் பத்து லட்சத்துக்கு இருபது பங்கு தப்பாக ஓடும். கைக்கடிகாரத்துக்கு அது பெரிய குறையில்லை. இங்கே, பதில் சொல்வதற்கு முன் ஆயிரத்தில் ஒரு விநாடி காத்திருந்தால், அந்தத் தப்பு ஒன்றே தூரத்தில் 3 மீட்டர் பிசகைக் கொண்டுவந்துவிடுகிறது. எனவே இவன் அவனைக் கூவி, அவன் இவனைக் கூவி, மறுபடி இவன் கூவி, மூன்று பரிமாற்றங்களை வைத்து இரண்டு கடிகாரங்களின் பிசகையும் ஒன்றோடொன்று அடித்துப்போகச் செய்வார்கள். எளிமையான யோசனைதான். நான் முதன்முதலில் அதைத் தாளில் போட்டுப் பார்த்துப் பிசகு கரைந்துபோவதைக் கண்ட சாயங்காலம் இன்னும் நினைவிருக்கிறது.

இடத்துக்கு ஒரு தூரம் போதாது, மூன்று நான்கு தெரிய வேண்டும். அளந்து இடத்தைக் கண்டுபிடிப்பது பழைய வித்தைதான். நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்குப் பக்கத்தில் சங்கிலியைத் தரையில் போட்டு, ஏழரை மைல் நீளமுள்ள ஒரே ஒரு கோட்டை 57 நாட்கள் அளந்தார். அந்தக் கோட்டிலிருந்து கோணங்களாக எடுத்துக்கொண்டே போய் இந்தியாவை வரைபடத்தில் ஏற்றினார்கள். சிப் கோணத்தை விட்டுவிட்டுத் தூரங்களையே அளக்கிறது, விநாடிக்குப் பத்துத் தடவை.

இப்படி ஒரு சிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் டப்ளினில் 2007இல் கியரன் கானல், மைக்கேல் மெக்லாக்லின் என்ற இரண்டு பொறியாளர்கள் டெகாவேவ் என்று ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னால், 2002 பிப்ரவரியில், அமெரிக்கா 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள மிக அகலமான அலைவரிசையை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருந்தது. ஆனால் மற்ற ரேடியோக்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பதற்காகச் சக்தியில் கடுமையான கட்டுப்பாடு. ஐநூறு மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு மில்லிவாட்டில் இருபத்தேழில் ஒரு பங்குதான் அனுப்ப முடியும். இதற்கு அல்ட்ரா வைட்பேண்ட் என்று பெயர்.

அகலம் எதற்கு? நம் தென்னந்தோப்பில் நின்று கைதட்டிப் பாருங்கள். 'டப்' என்று ஒரு குட்டிச் சத்தம் வந்தால் நேராக வந்தது எது, மரத்தில் பட்டு வந்தது எது என்று காது பிரித்துவிடும். 'ஊஊஊ' என்று நீட்டினால் எல்லாம் கலந்துபோகும். அலைவரிசை எவ்வளவு அகலமோ அவ்வளவு குட்டையான துடிப்பை அனுப்பலாம். டெகாவேவின் டிடபிள்யூ1000 என்ற சிப் 2013இல் வெளிவந்தது. ஆறு மில்லிமீட்டருக்கு ஆறு மில்லிமீட்டர், ஒரு துவரம்பருப்பின் அளவு. அது நேரத்தைக் குறிக்கும் மிகச் சிறிய கூறுக்குள் ஒளி 5 மில்லிமீட்டர்கூடப் போகாது. பத்து சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் சொன்னது. 2019 செப்டம்பரில் ஐபோனுக்குள்ளேயே இந்த வகைச் சிப் வந்தது, அது ஆப்பிள் தானே செய்துகொண்டது. 2020இல் குவோர்வோ என்ற அமெரிக்க நிறுவனம் டெகாவேவை வாங்கிவிட்டது.

தொடங்கிய வருடத்திலிருந்து சிப் வெளிவரும்வரை ஆறு வருடங்கள் ஆனதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அந்த ஆறு வருடத்தைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

டிடபிள்யூ1000இல் ஒரு குறை இருந்தது. அனுப்பும்போது தின்ற மின்சாரத்தைவிடக் கேட்கும்போது அது அதிகம் தின்றது. நூறு மில்லி ஆம்பியருக்கு மேல். இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. கத்துகிறவனுக்குத்தானே தொண்டை வலிக்கும்? ரேடியோவில் அப்படி இல்லை. அனுப்புகிறவனுக்கு எப்போது அனுப்பப் போகிறோம் என்று தெரியும், சொல்லிவிட்டுத் தூங்கிவிடலாம். கேட்கிறவனோ, மங்கலான ஒரு துடிப்பு எந்தக் கணத்தில் வரும் என்று தெரியாமல், பெருக்கிகளை எல்லாம் எரியவிட்டுக்கொண்டு விழித்திருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் சாவிக்குள் இருக்கும் காசு போன்ற பேட்டரி, சிஆர்2032, சுமார் 225 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும். நூறு மில்லி ஆம்பியரை விடாமல் எடுத்தால் இரண்டேகால் மணி நேரத்தில் தீர்ந்துபோகும். விநாடிக்கு ஒருமுறை, ஆயிரத்தில் ஒரு விநாடி மட்டும் விழித்தால் 94 நாள் வரும். பத்து விநாடிக்கு ஒருமுறை விழித்தால் இரண்டரை வருடம். சிப் அதேதான், பேட்டரியும் அதேதான். எப்போது விழிப்பது என்று தெரிந்ததுதான் வித்தியாசம். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் மண்டலம் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களே, அந்த மாதிரி. இன்னும் ஒன்று: அந்தச் சின்னப் பேட்டரியால் ஒரே மூச்சில் நூறு மில்லி ஆம்பியர் கொடுக்கவும் முடியாது. ஊற்று குறைந்த கிணற்றில் நாம் என்ன செய்கிறோம்? நாளெல்லாம் ஊறுவதைத் தொட்டியில் தேக்கிவைத்து, மடையைத் திறந்து ஒரே பாய்ச்சலாக விடுகிறோம். சிப்புக்குப் பக்கத்தில் ஒரு மின்தேக்கியை வைத்து அதேபோலச் செய்கிறார்கள். இதைப் புரியவைக்க நகரத்துக் கல்லூரிகளில் நான் அரைமணி நேரம் செலவழித்திருக்கிறேன். இங்கே ஒரு நிமிடம் போதும்.

இனி யானைக்கு வருவோம். ஊர்ப் பெயரிலேயே யானை இருக்கும் இடத்தில் அதை விட்டுவிட்டு இருப்பிடத்தைப் பற்றிப் பேச முடியாது.

2019 ஜனவரி 25ஆம் தேதி கோவைக்கு வடமேற்கே தடாகத்தில் சின்னத்தம்பி யானையைப் பிடித்தார்கள். கழுத்தில் ரேடியோ பட்டையைக் கட்டி, இங்கே டாப்சிலிப் பக்கம் வரகளியாறு காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அங்கலகுறிச்சிக்கு இறங்கி வந்துவிட்டது. அங்கிருந்து நடந்து உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டுக்குள் போய் நின்றது. நம்மில் பலர் அந்த நாட்களில் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்க்கப் போனோம். பிப்ரவரி 15ஆம் தேதி மறுபடி பிடித்தார்கள். பிறகு அதுவே கும்கியாகப் பழகியது. 2023 பிப்ரவரியில் தருமபுரி பாலக்கோட்டில் பிடித்த மக்னா யானையையும் இதே காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அதுவும் தங்கவில்லை. பொள்ளாச்சியைத் தாண்டி, கிணத்துக்கடவு, மதுக்கரை என்று நடந்து பேரூர்வரை, கோவை நகரத்தின் வாசலுக்கே போய்விட்டது. பிடித்து மானாம்பள்ளியில் விட்டார்கள். மறுபடி மலையிறங்கி, நமக்குப் பக்கத்துச் சரளப்பதி தோப்புகளில் மாதக்கணக்கில் சுற்றியது. ஜூலை 31ஆம் தேதி திரும்பப் பிடித்து மேலே சின்னக்கல்லாறுக்குக் கொண்டுபோனார்கள். சரளப்பதிக்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த மாதங்களில் இருட்டிய பிறகு கொல்லைப்பக்கம் போவதற்கே பிள்ளைகளை விடாமல் இருந்தது உங்களுக்குத் தெரியும். நான் படித்துத் தெரிந்துகொண்டது அது.

யானையின் கழுத்தில் கட்டும் இந்தப் பட்டைக்குள் என்ன இருக்கிறது? ஒரு ஜிபிஎஸ் கேட்பான், கேட்டதை மேலே அனுப்ப ஒரு ரேடியோ, மிச்சமெல்லாம் பேட்டரி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தான் எங்கே இருக்கிறேன் என்கிற விவரத்தை அது விநாடிக்கு 50 பிட் வேகத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்றைய கைபேசி வேகங்களோடு ஒப்பிட்டால், ஒவ்வோர் எழுத்தாகப் பாறையில் செதுக்குவது போல. நெடுநேரம் தூங்கி எழுந்த கேட்பான் அந்த விவரத்தை முழுதாக வாங்க அரை நிமிடம் ஆகும். திறந்த வானத்தின் கீழே அந்தக் கணக்கு. மழையில் நனைந்த இலைக்கூரைக்கு அடியில், மலை இடுக்கில், நாலு செயற்கைக்கோள் தெரிவதே கஷ்டம் என்கிற இடத்தில், எவ்வளவு நேரம் விழித்துக்கொண்டு தேடும் என்று சொல்ல முடியாது. தேடுகிற ஒவ்வொரு விநாடியும் பேட்டரி. அதனால் பட்டைகளைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் விழிக்கும்படி வைக்கிறார்கள். ஆய்வாளருக்கு அது போதும், யானை ஒரு வருடத்தில் எங்கெல்லாம் போனது என்று அழகான வரைபடம் கிடைத்துவிடும். நீலகிரியில் 1990களின் தொடக்கத்தில் அஜய் தேசாய், பாஸ்கரன் என்ற யானை ஆய்வாளர்கள் ஆன்டெனாவைக் கையில் பிடித்து நடந்து நடந்து சேர்த்த அறிவு அப்படிப்பட்டது, இன்றும் நாம் அதன்மேல்தான் நிற்கிறோம். ஆனால் காலை நாலு மணிக்குப் பால் கறக்க எழும் பெண்ணுக்கு, நள்ளிரவில் யானை எங்கே இருந்தது என்ற செய்தியால் ஒரு பயனும் இல்லை.

ஆக, இரண்டு வேறு வேறு கேள்விகள். ஒரே சிப் இரண்டுக்கும் பதில் சொல்லாது. டப்ளின்காரர்களின் பத்து சென்டிமீட்டர் துல்லியம் யானைக்கு வேண்டியதில்லை. யானை ஐம்பது மீட்டர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யாரும் கேட்கப் போவதில்லை. எந்த ஊருக்குப் பக்கத்தில், எந்தத் தோப்பில், இந்த நிமிடம் இருக்கிறது என்பதே கேள்வி. தூரம் கிலோமீட்டர்களில். இலை குறுக்கே. அல்ட்ரா வைட்பேண்டின் அந்தத் துளிச் சக்தி நாலு வேப்பமரத்தைத் தாண்டுவதற்குள் களைத்துப்போகும்.

இதற்குப் பொருந்துகிற ஒரு யோசனை பிரான்சின் கிரெனோபிளில் ஒரு சிறு நிறுவனத்தில் பிறந்தது. பெயர் சிக்லியோ. அவர்கள் ஒரே சுருதியில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் ரேடியோக் கூவலைப் பயன்படுத்தினார்கள். பங்குனி சித்திரையில் குயில் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள், ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிட ஒரு படி ஏறும். சந்தைக்கடை இரைச்சலிலும் அந்த ஏற்றம் தனியாகத் தெரியும். சிக்லியோவின் லோரா முறையில், சுற்றியுள்ள இரைச்சலைவிட நூறு மடங்கு மெலிந்த கூவலைக்கூடச் சிப் பிரித்து எடுத்துவிடும். 2012இல் செம்டெக் என்ற நிறுவனம் சிக்லியோவை வாங்கியது. நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டை 2005இலிருந்தே உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்திருக்கிறது. அந்த அலையின் நீளம் கிட்டத்தட்ட முக்கால் முழம், இலைகளுக்கிடையே புகுந்து வர அது கொஞ்சம் சௌகரியமானது.

கேட்கும் செலவை என்ன செய்வது? எனக்கு மிகவும் பிடித்த பதில் இஸ்ரேலில் சிவான் டோலெடோ, ரான் நாதன் இருவரின் குழுக்கள் செய்த ஏற்பாடு. அட்லஸ் என்று பெயர். ஜிபிஎஸ்ஸைத் தலைகீழாக்கிவிட்டார்கள். பறவையின் முதுகில் இருக்கும் குட்டிக் கருவி எதையும் கேட்பதில்லை, கணக்கும் போடுவதில்லை. சில விநாடிக்கு ஒருமுறை 'கிக்' என்று ஒரு கூவல் போட்டுவிட்டுத் தூங்கிவிடும். சுற்றிலும் உயரமான இடங்களில் நிற்கும் கேட்பான்கள், கூவல் தங்களுக்கு வந்து சேர்ந்த நேரங்களை ஒப்பிட்டு இடத்தைச் சொல்லிவிடும். ஒரு கிராம் எடைக் கருவி. கேட்கும் பாரம் முழுவதும் பறவையிடமிருந்து கோபுரத்துக்குப் போய்விட்டது. கோபுரத்துக்குச் சூரியத் தகடு வைக்கலாம், கரண்ட் கம்பி இழுக்கலாம். அப்பாரு செய்ததும் இதுதானே! பசு தேடவில்லை. மணி ஒலித்தது, அவர் நின்று கேட்டார்.

ஆனைமலையின் முகத்தைப் பாருங்கள். தெற்கே மலை சுவர்போல் நிற்கிறது, வடக்கே சமவெளித் தோப்புகள். மலைவிளிம்பில் நாலைந்து இடங்களில் கேட்பான்களை வைத்தால் அடிவாரம் முழுவதும் அவற்றின் கண்ணுக்குக் கீழே. எல்லா ஊருக்கும் வாய்க்காத அமைப்பு இது. ஆனால் பள்ளத்தாக்குக்குள் கேட்பானுக்குத் தெரியாத மூலைகள் இருக்கும், அவற்றை நடந்து நடந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது வால்பாறைக்கு ஒரு நிமிடம் போவோம். அங்கே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் பல வருடங்களாகச் செய்துவருவதை நான் ஒவ்வொரு பொறியியல் மாணவனுக்கும் சொல்வேன். யானையால் ஏற்பட்ட சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலும் யானை அங்கே நிற்பது தெரியாமல் எதிரில் போய் மாட்டிக்கொண்டவர்களே இறந்திருந்தார்கள். ஆகவே அவர்கள் யானையின் கழுத்தைவிட்டு ஜனங்களின் கைபேசியைப் பிடித்தார்கள். எஸ்டேட் தொழிலாளர்களின் எண்களை வாங்கி, இன்றைக்கு மாலை யானை இந்த டிவிஷனில் நிற்கிறது என்று தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். உள்ளூர் டிவியில் ஓடவிட்டார்கள். மேட்டில் சிவப்பு விளக்கை வைத்து, யானை பக்கத்தில் வந்தால் கைபேசியிலிருந்தே அதை எரியச் செய்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும் தொழிலாளி தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார். 2015இல் இதற்காக ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. அந்த ஏற்பாட்டில் இருந்த மிக முக்கியமான உணர்கருவி, யானையைக் கண்டதும் போன் செய்த தோட்டத் தொழிலாளியும் காடறிந்த பழங்குடிக் காவலரும். துல்லியம் சுமார்தான். ஆனால் செய்தி சரியான ஆளிடம், வீட்டுக்குப் புறப்படும் முன்னால் போய்ச் சேர்ந்தது.

மதுக்கரையில் வேறு வழி. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே பன்னிரண்டு கோபுரங்களை நிறுத்தி, உடல் வெப்பத்தைப் பார்க்கும் கேமராக்களைப் பொருத்தியது. யானைமேல் ஒன்றுமே கட்டவில்லை. ரயில் பாதை என்பது ஒரு கோடு, ஆகையால் இது முடிகிறது. தோப்புகள் கோடல்ல.

என் வாதம் இவ்வளவுதான். ஒரு சிப் நிறுவனம் ஆரம்பிக்க நினைக்கும் நம் பிள்ளைகள், 'எத்தனை சென்டிமீட்டர்' என்பதிலிருந்து ஆரம்பிக்கக்கூடாது. யாருக்குத் தெரிய வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள், விழித்துக் கேட்கப் போவது யார், அவருடைய பேட்டரிக்கு யார் பணம் கட்டுவது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் தேவைப்படும் இடங்களும் கோவையில் நிறைய இருக்கின்றன. ஃபவுண்டரியில் உருகிய இரும்பைத் தூக்கிக்கொண்டு போகும் பாதையில் ஆள் குறுக்கே வந்தால் நிறுத்த, பஞ்சாலை கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட்டையும் மனிதரையும் விலக்கிவைக்க. அங்கே சுவரில் கரண்ட் இருக்கிறது, சிப்புக்குப் பஞ்சமில்லை. கடினமானது கரண்ட் இல்லாத இடம்.

நம்மால் முடியுமா? 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. ஐந்தே வருடத்தில், 1937இல், ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். இங்கே கிணறு ஆழம், தண்ணீர் கீழே, இறைக்க வேண்டியிருந்தது. 1955இல் சபாபதி வெட் கிரைண்டர் செய்தார், மாவு ஆட்டும் பெண்களின் கை வலித்தது. கொங்கில் இயந்திரங்கள் பிறந்தது இந்த மாதிரிக் காரணங்களால்தான். சிப்புக்கும் காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன.

நாட்டுக்குள் வழி போட்டவர்களும் இருக்கிறார்கள். பெங்களூரு சிக்னல்சிப் 2010இல் தொடங்கி, எட்டு வருடத்துக்கு மேல் உழைத்து, 2019 பிப்ரவரியில் 4ஜி, 5ஜி சிப்புகளை வெளியிட்டது. நம் சொந்தச் செயற்கைக்கோள் ஏற்பாடான நாவிக்கைக் கொண்டு இடமறியும் வசதியும் அவற்றில் இருந்தது. அந்தச் சிப் குடும்பத்துக்கு ஆகும்பே என்று பெயர் வைத்தார்கள். நம்மைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டும் ஊர், ராஜநாகத்துக்கு ரேடியோ பொருத்தி ஆராய்ந்த இடம். அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாவிக்கில் 2023 மே 29இல் போன என்விஎஸ்-01 செயற்கைக்கோளிலிருந்து எல்1 அலைவரிசையும் சேர்ந்திருக்கிறது. மலிவான சிறு கருவிகள் கேட்பது அந்த அலைவரிசையைத்தான், ஆகவே அது நமக்கு முக்கியம். சென்னையில் ஐஐடியின் அரவணைப்பில் 2021இல் தொடங்கிய மைண்ட்குரோவ், அங்கே காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி செயலியை வைத்து 2024இல் ஒரு சிப்பைக் காட்டியது. அது இடம் சொல்லும் சிப் அல்ல, ஆனால் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய மூளை அது. தமிழ்நாட்டு அரசு 2025 பட்ஜெட்டில் செமிகண்டக்டர் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்து, சூலூரிலும் பல்லடத்திலும் நூறு நூறு ஏக்கரில் பூங்காக்கள் என்றது. இரண்டுமே நமக்குப் பஸ் போகிற தூரம்.

முன்பு விட்ட ஆறு வருடத்துக்கு வருகிறேன். ஆப் செய்கிறவர் தப்பை இன்று ராத்திரியே திருத்திவிடலாம். சிப்பில் ஒரு கம்பி தப்பாகப் போனால், தொழிற்சாலைக்கு மறுபடி அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பணம் போடுகிறவர்கள் மூன்றாவது வருடத்தில் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். ஆனால் நீங்கள் தென்னை வைத்தவர்கள். நெட்டை ரகம் வைத்தால் பாளை விட ஆறேழு வருடம். அதுவரை தண்ணீர் கட்டி, எருப் போட்டு, ஊடுபயிர் வைத்துச் சமாளித்தோம். இப்போது வாடல் நோயில் மரங்களை வெட்டிச் சாய்ப்பதைப் பார்க்க மனசு தாங்கவில்லை, இருந்தும் அந்த இடத்தில் மறுபடி கன்று வைக்கிறோம். வட்டிக்கு விடும் பணம் வேறு, தென்னைக்குப் போடும் பணம் வேறு என்று இந்த ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பணம் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்பதை நான் இங்கே கேட்டுக்கொள்கிறேன். வெட்கப்படாமல் கேட்கிறேன்.

ஒரு பயத்தையும் சொல்லிவிட வேண்டும். இடம் தெரிந்தால் காப்பாற்றலாம், வேட்டையாடவும் செய்யலாம். 2013இல் மத்தியப் பிரதேசத்தில் ஜிபிஎஸ் பட்டை போட்ட ஒரு புலியின் இருப்பிட விவரம் வரும் மின்னஞ்சலை யாரோ திறக்க முயன்றார்கள். விவரம் சங்கேதமாக்கப்பட்டிருந்ததால் தப்பியது. அட்லஸ் மாதிரி வெறுமனே கூவும் கருவி இன்னும் ஆபத்து, கேட்கத் தெரிந்தவன் எவனும் கேட்பான். எனவே கூவல் ஒவ்வொரு தடவையும் மாற வேண்டும், மாறும் வரிசை நம்மிடம் மட்டும் இருக்க வேண்டும். இதைச் சிப்புக்குள்ளேயே வைக்க வேண்டும், பிறகு சேர்க்கலாம் என்று விடக்கூடாது. அடுத்தது மனிதர்கள். தேயிலை பறிக்கும் பெண்ணின் இடுப்பில் யானை எச்சரிக்கைக் கருவி என்று கட்டிவிட்டு, அவள் எத்தனை நிமிடம் உட்கார்ந்தாள் என்று கணக்கெடுக்க அதே சிப் போதும். நான் வடிவமைக்கும் எதிலும் இதற்கு இடம் தரமாட்டேன். எச்சரிக்கை ஆளுக்குப் போக வேண்டும், ஆளின் இடம் வெளியே போகக்கூடாது. கருவியைக் கேட்க மட்டும் வைத்தால் இது முடியும். ஆனால் கேட்பதற்குத்தான் செலவு அதிகம் என்று சொன்னேன். இந்த இடத்தில் அந்தச் செலவைச் செய்தே ஆக வேண்டும், பேட்டரி ஒரு வருடம் முன்னால் தீர்ந்தாலும் பரவாயில்லை.

போதும், நிறையப் பேசிவிட்டேன். மேசைமேல் இரண்டு போர்டுகள் வைத்திருக்கிறேன், அல்ட்ரா வைட்பேண்ட் சிப் பொருத்தியவை. தம்பி, நீலச் சட்டை, நீ ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே அந்த வேப்பமரத்துக்குப் போ. இன்னொருவர் இந்த நாடாவைப் பிடித்து அளக்கட்டும். எண் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். அப்புறம் போர்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நில், உன் உடம்பு குறுக்கே வந்தால் தூரம் எவ்வளவு கூடிக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்வோம். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழை பிடித்தாலும் உள்ளே ஓடிவராதே, அண்ணன் குடை கொண்டுவருவார். நனைந்த இலைக்குக் கீழே இந்த எண் என்ன ஆகிறது என்று எனக்கும் பார்க்க வேண்டும்.